நீங்கலும் ஏதுவும்: இணைய வருகைக் கணக்கில் ‘எங்கிருந்து’ என்ற கேள்வியின் வரலாறு

மின்னூலகம், சொல்லடைவு, கல்வெட்டுத் தரவுத்தளம் என எதை உருவாக்கினாலும் ஆண்டு முடிவில் நிதி வழங்கியவர்களுக்கு ஓர் அறிக்கை தரவேண்டியிருக்கிறது. எத்தனை பேர் வந்தனர் என்ற எண்ணிக்கைக்கு அடுத்து, எங்கிருந்து வந்தனர் என்பதைக் காட்டும் வட்ட வரைபடம் ஒன்று அவ்வறிக்கையில் இடம்பெறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தேடுபொறி, சமூக ஊடகம், பிற தளங்கள், ‘டைரக்ட்’ எனப்படும் நேர்வருகை என்று அவ்வட்டம் பிரியும். நேர்வருகைத் துண்டு பெரிதாக இருந்தால், ‘தளத்தின் பெயர் வாசகர் மனத்தில் நிலைத்துவிட்டது, அவர்கள் நாடி வருகிறார்கள்’ என்று ஒரு வாக்கியம் எழுதப்படும். அடுத்த ஆண்டுக்கான நிதி எதற்குச் செல்லவேண்டும் என்பதையும் பல நேரங்களில் அவ்வாக்கியமே முடிவு செய்கிறது. அது பெரும்பாலும் தவறானது என்பதையும், அத்தவறு எப்படி உருவாயிற்று, யார் எங்கே அதைத் திருத்த முயன்றனர் என்பதையும் வரலாற்று நோக்கில் தொகுத்துக்கொள்ளவே இப்பதிவு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நேர்வருகை என்பது ஒரு வகை அன்று, அது புறனடை. இலக்கண நூலார் இயலின் இறுதியில், மேலே கூறியவற்றுள் அடங்காதவற்றையெல்லாம் தழுவிக்கொள்ள ஒரு நூற்பா வைப்பதைப்போல, வருகைவழி தெரியாத அனைத்தையும் கருவி இப்பெட்டியில் இடுகிறது. முகவரியைத் தட்டச்சு செய்து வந்தவரும் இதில் இருக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் வந்த சுட்டியைத் தொட்டவரும் இருக்கிறார். மின்னஞ்சல் செயலியிலிருந்து வந்தவரும் இருக்கிறார். நம் இலக்கணங்களில் புறனடைக்குப் புறனடை என்றே பெயர். இங்கோ அதற்கு ‘நேர்’ என்று பெயரிட்டுவிட்டார்கள். சிக்கலின் பாதி இப்பெயரில் இருக்கிறது.

வைய விரிவலையின் தொடக்க ஆண்டுகளில் வழங்கிக் கணினிகள் எழுதிய பொதுப் பதிவேட்டில் ‘எங்கிருந்து’ என்ற கட்டமே கிடையாது. யார் கேட்டார், எப்போது கேட்டார், எதைக் கேட்டார், கிடைத்ததா என்பவை மட்டும் இருந்தன. அனுப்பிய பக்கத்தின் முகவரியை உலாவியே தெரிவிக்கலாம் என்ற முன்மொழிவைத் தந்தவர் ஃபிலிப் ஹாலம்-பேக்கர். ‘ரெஃபரர்’ என்ற அச்சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டில் நடுவே இரண்டு ‘ஆர்’ வரவேண்டும். முன்மொழிவில் ஒன்றே வந்தது. 1996 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 1945 என்னும் நெறிமுறை ஆவணத்தில் அப்பிழை அப்படியே நிலைபெற்றது. இன்றும் உலகின் ஒவ்வோர் உலாவியும் அப்பிழையான சொல்லையே அனுப்புகிறது. பின்னாளில் உருவான ‘ரெஃபரர் பாலிசி’ என்னும் தலைப்பில் மட்டும் எழுத்துக்கூட்டு சரியாக உள்ளது. ஆக, ஒரே நெறிமுறைக் குடும்பத்துக்குள் பிழைவடிவமும் திருந்திய வடிவமும் அருகருகே வாழ்கின்றன. சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்காது.

எழுத்துப்பிழையைவிட முக்கியமானது, அவ்வாவணத்தின் தொனி. அனுப்பிய பக்கத்தின் முகவரி ஒருவருடைய தனிப்பட்ட வாசிப்பைக் காட்டிக்கொடுக்கக்கூடும்; எனவே அதை அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பயனரே தீர்மானிக்க வழி வேண்டும் என்று அது அப்போதே பரிந்துரைத்தது. ‘எங்கிருந்து வந்தாய்?’ என்ற கேள்விக்கு விடையளிக்காமலிருக்கும் உரிமை கேள்வியுடன் சேர்ந்தே பிறந்தது. இதைப் பின்னர் வந்த கருவிகள் மறந்தன.

கருவிகளின் வரலாற்றை விரைந்து கடக்கலாம். 1995இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் உருவாக்கிய ‘அனலாக்’ போன்ற நிரல்கள் வழங்கியின் பதிவேட்டை வாசித்துத் தொகுத்தன. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இயங்கிய அர்ச்சின் நிறுவனம், சுட்டியின் முகவரியிலேயே மூலத்தைக் குறித்து அனுப்பும் முறையைப் பரப்பியது. முகவரியின் வால்பகுதியில் நாம் இன்றும் காணும் ‘யூ.டி.எம்.’ என்ற மூன்றெழுத்து ‘அர்ச்சின் டிராக்கிங் மாட்யூல்’ என்பதன் சுருக்கமே. 2005இல் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் வெளிவந்தது. நிறுவனத்தின் பெயர் மறைந்தது, முன்னெழுத்து நிலைத்தது. ஊரைவிட்டு மூன்று தலைமுறை கடந்தும் பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்தைச் சுமக்கும் நம் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது.

அவ்வொப்புமை அலங்காரத்துக்காகச் சொன்னதன்று, யூ.டி.எம். குறியின் குறையும் அதுவே. முகநூலில் பகிர்வதற்காக ‘மூலம்: முகநூல்’ என்று குறியிட்டு ஒரு சுட்டியை வெளியிடுகிறோம். அதைத் திறந்த ஒருவர் முகவரிப் பட்டையிலிருந்து முழுவதையும் நகலெடுத்து வாட்ஸ்அப் குழுவில் இடுகிறார். அங்கிருந்து வரும் 200 பேரும் கணக்கில் முகநூல்வாசிகள் ஆகின்றனர். குறி சுட்டியோடு ஒட்டியது, பயணத்தோடு ஒட்டியதன்று. மேலும் இக்குறியில் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் வேறு வேறாகக் கொள்ளப்படும் என்பதால், ஒரே வாட்ஸ்அப் நான்கைந்து எழுத்துவடிவங்களில் நான்கைந்து மூலங்களாகப் பிரிந்து நிற்கும். மொழியியலில் மாற்றுவடிவங்களைத் தொகுத்து ஓர் உருபனாகக் கொள்வது முதலாண்டுப் பாடம். இங்கே அதைச் செய்யாமலே வரைபடம் வரைந்துவிடுகிறார்கள்.

நேர்வருகைப் பெட்டி வீங்கத் தொடங்கிய காலம் 2011க்குப் பிந்தையது. பாதுகாப்பான இணைப்பில் இருக்கும் பக்கத்திலிருந்து பாதுகாப்பற்ற பக்கத்துக்குச் செல்லும்போது ரெஃபரர் அனுப்பப்படக்கூடாது என்பது பழைய நெறி. இணையம் முழுவதும் மெல்ல மெல்லப் பாதுகாப்பான இணைப்புக்கு மாறியபோது, மாறிய தளங்களிலிருந்து மாறாத தளங்களுக்குச் சென்றவர்கள் அனைவரும் ஊர்ப்பெயர் இழந்தனர். 2012இல் ஐபோனின் ஆறாம் பதிப்பு இயங்குதளம் வந்தபோது, அதன் உலாவித் தேடல் பெட்டியில் கூகுள்வழித் தேடி வந்தவர்கள் திடீரென நேர்வருகையாளர் ஆயினர். ஒரே வாரத்தில் மக்கள் தம் தேடும் பழக்கத்தைக் கைவிடவில்லை; பதிவு மட்டும் மாறிற்று.

அதே 2012 அக்டோபரில் ‘தி அட்லாண்டிக்’ இதழில் அலெக்சிஸ் மட்ரிகல் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். அவர் எழுப்பிய வினா எளியது: முகப்புப் பக்கத்தின் முகவரியை ஒருவர் தட்டச்சு செய்து வரலாம், ஒரு கட்டுரையின் மிக நீண்ட முகவரியை யார் தட்டச்சு செய்வார்? எனவே உட்பக்கங்களுக்கு நிகழ்ந்ததாகக் காட்டப்படும் நேர்வருகை உண்மையில் அரட்டைச் செயலிகளிலும் மின்னஞ்சல்களிலும் பகிரப்பட்ட சுட்டிகளின்வழி வந்தது என்று அவர் வாதிட்டார். அதற்கு ‘இருண்ட சமூக ஊடகம்’ என்ற பொருளில் ஒரு பெயரும் சூட்டினார். தம் இதழுக்குச் சமூகவழி வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இவ்விருட்டிலிருந்தே வந்தனர் என்று கண்டார். 2014இல் குருப்பான் நிறுவனம் இன்னும் துணிந்து ஓர் ஆய்வு செய்தது. தன் தளத்தைக் கூகுள் தேடலிலிருந்து 6 மணி நேரம் தானே நீக்கிக்கொண்டது. தேடல்வழி வருகை வீழ்ந்தது எதிர்பார்த்ததே. ஆனால் நீண்ட முகவரி கொண்ட பக்கங்களுக்கான நேர்வருகையும் ஏறத்தாழ 60 விழுக்காடு வீழ்ந்தது. நேராக வந்தவர்கள் எனக் கருதப்பட்டோர் தேடுபொறிவழி வந்தவர்களே என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. பண்டிதர் சபையில் விவாதிப்பதை விடுத்து மதகை அடைத்துப் பார்த்த முறை இது. எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த நிகழ்ச்சியும் இதுவே.

தமிழுக்கு மட்ரிகலின் அளவுகோல் இன்னும் வலுவாகப் பொருந்தும். ஒருங்குறியில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு கொள்ளும். முகவரியில் அது விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்துகளாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல்லில் குறியீடுகள் ஐந்து. எனவே முகவரியில் 45 எழுத்துகள். நான்கு சொல் தலைப்புக் கொண்ட ஒரு தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையின் முகவரியைக் கையால் எழுதி வருபவர் எவரும் இல்லை. அத்தகைய பக்கங்களில் நேர்வருகை என்று காணும் ஒவ்வோர் எண்ணும், உலாவி நினைவில் வைத்திருந்த சிலரை நீக்கினால், யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு அனுப்பியதன் தடயம்.

இந்தியாவுக்கே உரிய ஒரு வடிவத்தை இப்பிழை பெற்றது பெங்களூரு போன்ற நகரங்களில் வளர்ந்த இணைய வணிகத்தில்தான். ஃபிளிப்கார்ட் 2007இல் இந்நகரில் புத்தகக் கடையாகத் தொடங்கியது. ரெட்பஸ் அதற்கு ஓராண்டு மூத்தது. 2009 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஓர் ஆணை பிறப்பித்தது: அட்டையை நேரில் காட்டாத இணையப் பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் அட்டையில் அச்சிடப்படாத கூடுதல் சான்று ஒன்று வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கக் கடையில் அட்டை எண்ணைக் கொடுத்தால் அத்துடன் வேலை முடிந்தது. இங்கோ வாங்குபவர் கடையை விட்டு வெளியேறி, பேமெண்ட் கேட்வே பக்கத்துக்கும் அங்கிருந்து தம் வங்கியின் பக்கத்துக்கும் சென்று, கடவுச்சொல்லை உள்ளிட்டு, மீண்டும் கடைக்குத் திரும்பவேண்டும்.

வாங்குபவருக்கு இது ஒரே பயணம். கணக்கெழுதும் கருவிக்கு அப்படியன்று. 2011 ஆகஸ்டில் கூகுள் அனலிட்டிக்ஸ் தன் அமர்வின் வரையறையை மாற்றியது. வருகைவழி மாறினால் பழைய அமர்வு முடிந்து புதிய அமர்வு தொடங்கும் என்பது புதிய விதி. தேடுபொறிவழி வந்து, புத்தகத்தைத் தேர்ந்து, வங்கிக்குச் சென்று திரும்பியவர், திரும்பும்போது வங்கியின் தளத்திலிருந்து வந்த புதியவர் ஆகிவிடுகிறார். கொள்முதல் அப்புதிய அமர்வில் நிகழ்ந்ததால் பெருமை வங்கிக்குப் போகிறது. தன் அறிக்கையைத் திறந்து பார்க்கும் சிறு கடைக்காரர் ஒருவர், தமக்கு மிகுந்த வாடிக்கையாளரைத் தேடித்தந்தவை வங்கிகளே என்று காண்பார்.

இதன் மருந்து அறியப்பட்டதே. குறிப்பிட்ட தளங்களிலிருந்து திரும்புவோரைப் புதியவராகக் கொள்ளாதே என்று கருவிக்கு ஒரு விலக்குப் பட்டியல் தரவேண்டும். ஒரே பணப்பரிமாற்றத் தளம் மேலோங்கிய நாடுகளில் பட்டியல் ஒருவரியில் முடியும். இங்கே ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு சரிபார்ப்புப் பக்கம், ஒவ்வொன்றுக்கும் வேறு முகவரி. பட்டியல் நீண்டுகொண்டே போனது. முன்தேதியிட்ட தரவை அது திருத்தாது என்பது வேறு. பின்னர் ரேசர்பே போன்ற பெங்களூரு நிறுவனங்கள் கடையின் பக்கத்துக்கு மேலேயே விரியும் கட்டணச் சாளரத்தைப் பரவலாக்கின. 2016இல் வந்த யூ.பி.ஐ. முறையில் ஒப்புதல் வேறொரு செயலியில் நிகழ்ந்து உலாவிப் பக்கம் இருந்த இடத்திலேயே காத்திருந்தது. கணக்கைச் சீராக்குவது இவற்றின் நோக்கமன்று. ஆயினும் வழியில் சற்றே சீரானது. 2020இல் வந்த கூகுள் அனலிட்டிக்ஸின் நான்காம் பதிப்பு, வழி மாறினால் அமர்வு முறியும் என்ற விதியையே கைவிட்டது. விலக்குப் பட்டியலின் தேவை அப்போதும் தீரவில்லை.

இதில் கவனிக்கப்படாத ஒரு சமூகக்கூறு உண்டு. 2010இல் ஃபிளிப்கார்ட் ‘கேஷ் ஆன் டெலிவரி’ முறையைக் கொண்டுவந்தது, பிறரும் பின்பற்றினர். வாசலில் பணம் கொடுப்பவர் கடையை விட்டு வெளியேறுவதேயில்லை. எனவே அவர் எங்கிருந்து வந்தார் என்பது சரியாகப் பதிவாகும். அட்டையில் செலுத்துபவரின் வழி அழிந்துபோகும். பிழை எல்லார்மீதும் ஒரே அளவில் விழுந்திருந்தால் விகிதமாவது தப்பியிருக்கும். பணம் செலுத்தும் முறையோ வர்க்கத்தையும் ஊரையும் ஒட்டி மாறுவது. இக்காலத்து இந்திய இணைய நுகர்வைப் பற்றி இத்தரவுகளைக்கொண்டு எழுத விரும்பும் பொருளியல், சமூகவியல் மாணவர்கள் விலக்குப் பட்டியல் எந்தத் தேதியில் சேர்க்கப்பட்டது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

வணிகத்தை விட்டு நம் களத்துக்கு வருவோம். 2015 ஜூனில் விக்கிமீடியா அறக்கட்டளை தன் தளங்கள் அனைத்தையும் பாதுகாப்பான இணைப்புக்கு மாற்றுவதாக அறிவித்தது. வாசகரின் தனிமைக்கு அது நன்மை. ஆனால் ஆய்விதழ்த் தளங்களில் பல அப்போது பழைய இணைப்பிலேயே இருந்தன. விக்கிப்பீடியாவின் அடிக்குறிப்பைத் தொட்டு ஒரு ஆய்விதழுக்குச் சென்ற வாசகர், முன்னே கூறிய நெறியின்படி, வந்த வழி தெரியாதவர் ஆனார். ஆய்வுக் கட்டுரைகளுக்கு நிலையான டி.ஓ.ஐ. எண்களை நிர்வகிக்கும் கிராஸ்ரெஃப் உள்ளிட்டோர் இதைச் சுட்டிக்காட்டினர். கலைக்களஞ்சியத்திலிருந்து ஆய்வுலகுக்கு வரும் வாசகர் கூட்டம் கணக்கில் மறைந்துபோகும் என்பது அவர்கள் கவலை. 2016இல் விக்கிமீடியா ஒரு நடுவழியைக் கண்டது: எந்தக் கட்டுரையிலிருந்து என்று சொல்லாமல், விக்கிப்பீடியாவிலிருந்து என்று மட்டும் சொல்லுமாறு உலாவிக்கு அறிவுறுத்தியது. ஊரைச் சொல்வோம், தெருவைச் சொல்லமாட்டோம் என்ற இம்முறையையே 2020இல் குரோம் உலாவி எல்லாத் தளங்களுக்கும் இயல்பு நெறியாக ஏற்றது.

அதே விக்கிமீடியாவின் பதிவுகளில் இந்தியாவைப் பற்றிய ஒரு விசித்திரமும் உண்டு. 2021 பிப்ரவரியில் அதன் பொறியாளர்கள் ஒன்றைக் கவனித்தனர். ஆசியாவுக்குச் சேவை வழங்கும் சிங்கப்பூர்த் தரவுமையத்துக்கு வரும் ஊடகக் கோப்புக் கோரிக்கைகளில் ஏறத்தாழ 20 விழுக்காடு ஒரே ஒரு படத்துக்காக வந்தன: நியூயார்க் ஆஸ்டர் என்னும் ஊதாநிறப் பூவின் நிழற்படம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 கோடி முறை. கோரிக்கைகள் இந்தியாவின் பல்வேறு இணையச் சேவை நிறுவனங்களிலிருந்து வந்தன. எந்தப் பக்கமும் அவற்றை அனுப்பியதாகத் தெரியவில்லை. பகலில் ஏறி இரவில் இறங்கும் ஒழுங்கு மட்டும் இருந்தது. அதனால் மனிதக் கைகள் இதில் உள்ளன என்று ஊகித்தனர். பின்னோக்கிப் பார்த்தபோது, 2020 ஜூன் மாதம் தொடங்கி, டிக்டாக் தடைசெய்யப்பட்ட நாள்களை ஒட்டி எண்ணிக்கை பாய்ந்து ஏறியது தெரிந்தது. இந்தியாவில் பரவலான ஏதோ ஒரு கைப்பேசிச் செயலி இப்படத்தைப் பயன்படுத்துகிறது என்ற கருதுகோள் உருவாயிற்று. தேடியபோது அப்படியொரு செயலி கிடைத்தது. அச்செயலி திறக்கும் ஒவ்வொரு முறையும் படத்தைத் தரவிறக்கியது; ஆனால் திரையில் காட்டவே இல்லை. கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்ட பூவை ஒருவரும் பார்க்கவில்லை.

இந்நிகழ்ச்சி, மனிதர் அல்லது எந்திரம் என்னும் இருமைப் பாகுபாட்டையே கேள்விக்குள்ளாக்குகிறது. நம் இலக்கணம் மூன்றாம் வேற்றுமைக்குப் பொருள் கூறும்போது இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என்று பிரிக்கும். இங்கே கோரிக்கையை இயற்றியது செயலி. ஏவியவர் யார்? கைப்பேசிக்காரர் செயலியைத் திறந்தார், பூவைக் கேட்கவில்லை. நிரல் எழுதியவர் ஒருகாலத்தில் அவ்வரியை எழுதினார், 9 கோடியை எண்ணி எழுதியிருக்கமாட்டார். பார்வை எண்ணிக்கையை விருப்பத்தின் அளவாகக் கொள்ளும் ஆய்வுகள் இவ்விடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அப்பொறியாளர்கள் இதைத் தம் பொதுப் பணிப்பதிவில் வெளிப்படையாக விவாதித்ததால்தான் நமக்கு இக்கதை கிடைத்தது. தனியார் கணக்குகளில் இப்படி எத்தனை பூக்கள் ‘ஈடுபாடு’ என்ற தலைப்பின்கீழ்ப் பூத்திருக்கின்றனவோ!

விக்கிமீடியா தன் வகைப்பாட்டைத் தானே திருத்திய வரலாறும் பயனுள்ளது. முதலில் பயனர், தன்னைத் தானியங்கி என்று அறிவித்துக்கொள்ளும் நிரல் என்ற இரண்டு வகைகளே இருந்தன. தன்னை மறைக்கும் நிரல் மனிதராகவே எண்ணப்பட்டது. 2020இல், நடத்தையைக்கொண்டு அடையாளம் காணப்படும் தானியங்கி என மூன்றாவது வகை சேர்ந்தது. 2025 மே மாதவாக்கில் மனித வருகை வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தது. அதில் பெரும்பகுதி பிரேசிலிலிருந்து வந்ததாகத் தெரிந்தது. கண்டறியும் முறையைப் புதுப்பித்து மார்ச் முதல் ஆகஸ்டு வரையிலான கணக்கை மீண்டும் வகைப்படுத்தியபோது, உயர்வு மனிதரைப்போல் நடித்த நிரல்களால் ஏற்பட்டது என்று தெளிந்தது. உண்மையான மனித வருகை முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்திருந்தது. உயர்வு என்று மகிழவேண்டிய இடத்தில் சரிவு என்று எழுதிய நேர்மையை மெச்சலாம். தமிழ் விக்கிப்பீடியாவின் பார்வை எண்களை மேற்கோள் காட்டுவோர் 2020க்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டில் இணைத்து வரைவதைத் தவிர்க்க வேண்டும். அளக்கும் மரக்கால் இடையில் மாறியிருக்கிறது.

வேண்டுமென்றே செய்யப்பட்ட பொய்ம்மைகளும் இவ்வரலாற்றில் உண்டு. 2014 தொடங்கிச் சில ஆண்டுகள், ஒருவரும் தளத்துக்கு வராமலே, வந்ததாகக் கூகுளின் கணக்கு வழங்கிக்குப் பொய்ச் செய்தி அனுப்பும் ‘பேய் வருகைகள்’ பெருகின. 2016 நவம்பரில் அவை வாசகரின் மொழியைக் குறிக்கும் கட்டத்திலேயே டிரம்புக்கு வாக்களிக்கச் சொல்லும் ஒரு முழு வாக்கியத்தை நிரப்பின. அதில் கூகுள் என்ற பெயரின் முதலெழுத்து, பேரெழுத்து ‘ஜி’யின் சிறிய வடிவம், அனைத்துலக ஒலியன் நெடுங்கணக்கில் உள்நாவில் பிறக்கும் ஒலிப்புடை வெடிப்பொலிக்கு உரிய குறி. ஒலியனியல் வகுப்பில்கூட அரிதாகவே எழுதும் ஓர் எழுத்து ஏமாற்றுக்காரர்களுக்குப் பயன்பட்டது. தம் தளத்தின் பெயரைச் சரியாகச் சொல்லும் பதிவுகளை மட்டும் ஏற்கும் வடிகட்டியே அதற்கு மருந்தாயிற்று. பொய்ச் செய்தி அனுப்பியவர்களுக்குத் தாம் எந்தத் தளத்தில் ‘நுழைகிறோம்’ என்பதே தெரியாது.

இனி இவ்வெல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கருத்துக் குழப்பம். ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் பொருள்கள் நான்கு: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. ஊரின் நீங்கினான் என்பதும் கல்வியின் பெரியன் என்பதும் ஒரே உருபைக் கொள்கின்றன. முன்னது நீங்கல், பின்னது ஏது. உருபு ஒன்றாயினும் பொருள் வேறு என்று உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டினர். வருகைக் கணக்கு அப்படிப் பிரிக்கவில்லை. கடைசியாக எந்தப் பக்கத்தை விட்டு நீங்கினார் என்ற தரவை எடுத்துக்கொண்டு, எது காரணமாக வந்தார் என்ற முடிவைச் சொல்கிறது. வகுப்பில் ஆசிரியர் ஒரு மின்னூலகத்தின் பெயரைச் சொல்கிறார். மாணவி மாலையில் அதைக் கூகுளில் தேடி வருகிறாள். நீங்கல் கூகுள், ஏது ஆசிரியர். எத்தனை திருத்தங்கள் செய்தாலும் கருவி அறியக்கூடியது முன்னதை மட்டுமே.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதைத் தெளிவாகக் கையாண்டது. பிறந்த ஊரை மட்டும் கேட்டுவந்த இந்தியக் கணக்கெடுப்பு, 1971இல் கடைசியாக வாழ்ந்த ஊர் எது என்ற வினாவைச் சேர்த்தது. இடம்பெயர்ந்த காரணம் என்ன என்பதை 1981இல் தனி வினாவாக்கியது. தருமபுரியில் பிறந்து, கோலாரில் வளர்ந்து, அல்சூருக்குக் குடிவந்தவரை இம்மூன்று கட்டங்களும் மூன்று விதமாகக் காட்டும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்துப் பெங்களூருத் தமிழரின் வரலாற்றை எழுதினால் ஆய்வு வட்டத்தில் ஒருவரும் ஏற்கமாட்டார். முதல் வருகை, கடைசி வருகை, ஏது என்ற மூன்றையும் ஒரே வட்ட வரைபடத்தில் குழைத்த அறிக்கையை மட்டும் ஏற்றுக்கொள்கிறோம்.

நடைமுறைக்கு வந்தால், நான் பங்களிக்கும் சிறு தரவுத்தளங்களின் அறிக்கைகளில் நேர்வருகை என்ற சொல்லை இப்போது எழுதுவதில்லை. முகப்புப் பக்கத்துக்கு வந்தவர்களை ஒரு வரியிலும், நீண்ட முகவரி கொண்ட உட்பக்கங்களுக்கு வழி தெரியாமல் வந்தவர்களை ‘வழி தெரியாதவை’ என்று மற்றொரு வரியிலும் பிரித்துக் காட்டுகிறேன். அண்மையில் சாட்ஜிபிடி தன் விடைகளில் தரும் சுட்டிகளில் யூ.டி.எம். குறி ஒட்டி அனுப்புகிறது. அவற்றை ‘பிற தளங்கள்’ என்பதிலிருந்து பிரித்தெடுத்து, குறியில்லாமல் வருபவை இதில் அடங்கா என்ற குறிப்புடன் தனியே வைக்கிறேன். விரல்ரேகைபோல் கருவியின் அடையாளங்களைத் திரட்டி, வழி சொல்லாதவரையும் தொடர்ந்து சென்று கண்டுபிடிக்கும் உத்திகள் சந்தையில் உள்ளன. கல்விப்புலத் தளங்களுக்கு அவை வேண்டாம் என்பது என் கருத்து. ஏதுவை அறியவேண்டுமாயின் வாசகரிடமே கேட்கலாம்: ‘இத்தளத்தைப் பற்றி எவ்வாறு அறிந்தீர்கள்?’ என்ற ஒரு கட்டம், நிரப்பாமலும் போகலாம் என்ற குறிப்புடன். அப்படிக் கேட்ட ஒரு தளத்தில் வந்த விடைகளுள் ‘எங்கள் தமிழாசிரியர் சொன்னார்’ என்பதைப் பலமுறை படித்தேன். எந்தக் கருவியின் வகைப்பாட்டிலும் அவருக்கு ஒரு கட்டம் இல்லை.